எடைக் குறியீடு சொல்வது என்ன, சொல்லாதது என்ன?
மூத்தோருக்கான உடல்நல வழிகாட்டி

உடல்நலப் பரிசோதனைக்குச் சென்றால் முதலில் உங்கள் உயரத்தையும் எடையையும் அளப்பார்கள். பிறகு முடிவுத்தாளில் 'உடல் எடைக் குறியீடு' என்ற வரிக்கு எதிரே ஓர் எண் இருக்கும். சிலர் அந்த எண்ணைப் பார்த்து, "நான் ஒல்லிதான், எனக்கு ஒன்றும் இல்லை" என்று நிம்மதி அடைகிறார்கள். வேறு சிலர் பயந்துபோய் அன்றிரவே சோற்றைக் குறைத்துவிடுகிறார்கள்.

இரண்டுமே அவசர முடிவுகள். உடல் எடைக் குறியீடு பயனுள்ள எண்தான். ஆனால் நீங்கள் எவ்வளவு உடலுறுதியோடு இருக்கிறீர்கள் என்பதை அது மட்டும் சொல்லிவிடாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, பேருந்துப் படியில் தடுமாறாமல் ஏற முடிகிறதா, சந்தையிலிருந்து பையைத் தூக்கி வர முடிகிறதா? 60 வயதுக்குப் பிறகு பிறர் உதவியின்றி வாழ்வதற்கு இவையே அடிப்படை. எடை பார்க்கும் இயந்திரம் இவற்றை அளப்பதில்லை.

இந்தக் கையேடு அந்த எண்ணைப் புரிந்துகொள்ளவும், வீட்டிலேயே வேறு சில எளிய அளவுகளை எடுத்துப் பார்க்கவும் உங்களுக்கு உதவும்.

உடல் எடைக் குறியீட்டைக் கணக்கிடுவது எப்படி?

உங்கள் எடையைக் கிலோகிராமில் எழுதிக்கொள்ளுங்கள். அதை உங்கள் உயரத்தால் (மீட்டரில்) வகுங்கள். வரும் விடையை மறுபடியும் உயரத்தால் வகுங்கள்.

எடுத்துக்காட்டு: எடை 60 கிலோ, உயரம் 1.60 மீட்டர்.
60 ÷ 1.60 = 37.5
37.5 ÷ 1.60 = 23.4
உடல் எடைக் குறியீடு 23.4.

சிங்கப்பூரில் பெரியவர்களுக்குப் பின்பற்றப்படும் அளவுகள்:

• 18.5-க்குக் கீழ்: எடை குறைவு. சத்துக்குறைவும் எலும்பு மெலிவும் ஏற்படக்கூடும்.
• 18.5 முதல் 22.9 வரை: நோய் அபாயம் குறைவு.
• 23.0 முதல் 27.4 வரை: அபாயம் நடுத்தரம்.
• 27.5-உம் அதற்கு மேலும்: நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கான அபாயம் அதிகம்.

கணக்குப் போட விரும்பாதவர்கள் கீழே உள்ள அளவுகளைப் பார்க்கலாம். முதலில் உயரம், அடுத்து அபாயம் குறைவாக உள்ள எடை, கடைசியாக அபாயம் அதிகமாகத் தொடங்கும் எடை.

150 செ.மீ. – 42 முதல் 51 கிலோ – 62 கிலோ
155 செ.மீ. – 45 முதல் 55 கிலோ – 67 கிலோ
160 செ.மீ. – 48 முதல் 58 கிலோ – 71 கிலோ
165 செ.மீ. – 51 முதல் 62 கிலோ – 75 கிலோ
170 செ.மீ. – 54 முதல் 66 கிலோ – 80 கிலோ
175 செ.மீ. – 57 முதல் 70 கிலோ – 85 கிலோ

இந்த எண் எங்கிருந்து வந்தது?

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கை 1830களில் வகுத்தவர் பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் அடோல்ஃப் கெட்டலே. அவர் மருத்துவர் அல்லர். ஒரு நாட்டின் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று அறிய விரும்பிய புள்ளியியலாளர். அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 1972-இல்தான் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். அவருடைய குழு ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,000-க்கும் அதிகமானவர்களின் அளவுகளை ஒப்பிட்டது. அவர்கள் அனைவரும் ஆண்கள்.

ஆகவே, பெரும் மக்கள் தொகையில் எடை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்குப் பிறந்த எண் இது. செலவு இல்லை, ஊசி இல்லை, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால்தான் உலகெங்கும் மருந்தகங்களில் முதல் சோதனையாக இது நிலைத்துவிட்டது. முதல் சோதனை என்பதை நினைவில் வையுங்கள். முழுச் சோதனை இதுவன்று.

ஆசியர்களுக்கு ஏன் வேறு அளவு?

அனைத்துலக அளவில் 25-ஐத் தாண்டினால் எடை அதிகம், 30-ஐத் தாண்டினால் உடற்பருமன் என்று கொள்வார்கள். ஆனால் ஆசியர்களுக்கு அதற்கு முன்பே நீரிழிவும் இதய நோயும் தலைகாட்டுவதை மருத்துவர்கள் கண்டனர். இதைப் பற்றி ஆராய உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் 2002 ஜூலையில் கூடியது நம் சிங்கப்பூரில்தான். அவர்களுடைய பரிந்துரை 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய எண்களையும் கவனிக்க வேண்டிய எல்லைகளாகக் கொள்ளலாம் என்று அவர்கள் கூறினர். நம் முடிவுத்தாளில் காணும் 23-உம் 27.5-உம் இப்படி வந்தவையே.

இந்தியர்களுக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. அதே 2004-இல், அதே இதழில் ஒரு படம் வெளியானது. அதில் இருவர் அருகருகே நின்றனர். ஒருவர் புனே நகரத்தைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவருடைய உடல் எடைக் குறியீடும் ஒன்றே: 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, புனேக்காரருக்கு 21.2 விழுக்காடு. எண் ஒன்று, உடல் வேறு.

இந்திய வம்சாவளியினருக்குப் பொதுவாக அதே எடையில் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருக்கும். அந்தக் கொழுப்பும் வயிற்றுப் பகுதியில் சேர்வது வழக்கம். "கை கால் எல்லாம் ஒல்லி, வயிறு மட்டும்தான் கொஞ்சம் தொந்தி" என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்வது உண்மையில் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

இந்த எண் எவற்றைச் சொல்வதில்லை?

1. கொழுப்பா, தசையா என்று சொல்லாது. எடை இயந்திரத்துக்கு இரண்டும் கிலோகிராம்தான்.

2. கொழுப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லாது. தோலுக்கு அடியில் தொடையிலும் இடுப்பிலும் இருக்கும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சூழ்ந்திருக்கும் கொழுப்பு அதிகத் தீங்கு தரும். இன்சுலின் சரியாக வேலை செய்வதை அது தடுக்கிறது. ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் உயர வழி செய்கிறது.

3. உங்கள் உயரம் குறைந்திருப்பதைச் சொல்லாது. வயதாக ஆக முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் தேய்ந்து நாம் சற்றுக் குள்ளமாகிறோம். இளமையில் 160 செ.மீ. உயரம் இருந்த ஒரு பெண்மணி இன்று 155 செ.மீ. இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை அன்றும் இன்றும் 58 கிலோ. அன்று அவருடைய குறியீடு 22.7, இன்று 24.1. ஒரு கிலோகூடக் கூடாமலேயே அவர் அடுத்த பிரிவுக்குப் போய்விடுகிறார். அவர் இதில் கவனிக்க வேண்டியது எடையை அன்று, உயரம் குறைந்ததை. உயரம் 4 செ.மீ. அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால் எலும்பு மெலிவு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

4. உடலில் நீர் கோத்திருப்பதைச் சொல்லாது. இதயம் அல்லது சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் கால் வீங்கி எடை கூடும். அது கொழுப்பு அன்று.

5. உங்கள் இதயமும் நுரையீரலும் எவ்வளவு திறனோடு இயங்குகின்றன என்று சொல்லாது. அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த 2,600 பேரை ஓடுபொறியில் நடக்கவைத்துச் சோதித்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. உடல்திறன் குறைந்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. உடலில் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் இந்த வேறுபாடு மறையவில்லை. நன்றாக நடக்கக்கூடிய சற்றுப் பருத்தவர்கள், அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒல்லியானவர்களைவிட நல்ல நிலையில் இருக்க முடியும்.

2025 ஜனவரியில் உடற்பருமன் பற்றி அறிக்கை வெளியிட்ட அனைத்துலக மருத்துவர் குழுவும் இதையே வலியுறுத்தியது. குறியீட்டை மட்டும் வைத்து ஒருவருக்கு நோய் உண்டு, இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. இடுப்புச் சுற்றளவு போன்ற வேறோர் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இருவரில் யார் உறுதியானவர்?

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. ஒரே புளோக்கில் வசிக்கும் இரு ஆண்கள். இருவருக்கும் 68 வயது, 165 செ.மீ. உயரம்.

முதலாமவரின் எடை 60 கிலோ, குறியீடு 22.0. முடிவுத்தாளில் 'அபாயம் குறைவு' என்று இருக்கிறது. ஆனால் அவருடைய இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. நாற்காலியின் கைப்பிடியை அழுத்தித்தான் எழுகிறார். காலையில் கோப்பியும் இரண்டு பிஸ்கட்டும், இரவில் ரசம் சோறு. மாடிப்படி இருக்கும் இடங்களுக்குப் போவதைத் தவிர்க்கிறார்.

இரண்டாமவரின் எடை 68 கிலோ, குறியீடு 25.0. 'நடுத்தர அபாயம்' என்று இருக்கிறது. இடுப்புச் சுற்றளவு 86 செ.மீ. கையூன்றாமல் எழுகிறார். தினமும் ஈரச்சந்தைக்கு நடந்துபோய் இரு கைகளிலும் பை தூக்கி வருகிறார்.

முடிவுத்தாளை மட்டும் பார்த்தால் முதலாமவர்தான் நலமானவர். ஆனால் அடுத்த ஆண்டு குளியலறையில் வழுக்கி விழக்கூடியவர் யார், மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்தால் மறுபடி எழுந்து நடக்கச் சிரமப்படுபவர் யார் என்று கேட்டால் பதில் மாறிவிடும். முதலாமவர் தம் சர்க்கரை அளவையும் கால் வலிமையையும் உடனே கவனிக்க வேண்டும். இரண்டாமவரும் சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். ஆனால் பயந்து பட்டினி கிடக்கத் தேவையில்லை.

வயதாகும்போது தசைக்கு என்ன ஆகிறது?

நடுத்தர வயதிலிருந்தே நம் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்குகிறது. 60-க்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது. தசை போகும் இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்தால் எடை மாறாது. பத்து ஆண்டுகளாக ஒரே எடை என்று பெருமைப்படுபவருக்குக்கூட உள்ளே கணக்கு மாறியிருக்கலாம்.

தசை மிகவும் குறைந்து, வலிமையும் குறைந்த நிலையைத் தசை நலிவு என்பார்கள். தசை நலிவு உள்ளவர்கள் எளிதில் விழுகிறார்கள். விழுந்தால் எலும்பு முறிகிறது. நோய் வந்தால் தேறுவதற்கு நாள் பிடிக்கிறது. நாம் உண்ணும் சர்க்கரையில் பெரும்பகுதியைப் பயன்படுத்துவதும் தசைதான். அதனால் தசை குறைந்தால் நீரிழிவைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

நல்ல செய்தி என்னவென்றால், எந்த வயதிலும் தசையை வலுப்படுத்தலாம். 80 வயதிலும் 90 வயதிலும்கூடப் பயிற்சியால் பலன் கிடைக்கிறது.

வீட்டிலேயே நான்கு சோதனைகள்

இவற்றுக்கு ஓர் அளவுநாடாவும் கடிகாரமும் நாற்காலியும் போதும். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் உள்ளவர்களும், அண்மையில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களும் இரண்டாவது, மூன்றாவது சோதனைகளை வீட்டில் செய்ய வேண்டாம். மற்றவர்கள் செய்யும்போது அருகில் ஒருவர் இருக்கட்டும்.

சோதனை 1: இடுப்புச் சுற்றளவு

சட்டையைத் தூக்கிவிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள். வேட்டியோ சேலையோ கட்டும் இடம் இதுவாக இல்லாமலும் இருக்கலாம். அதனால் எலும்பைத் தொட்டுப் பார்த்தே இடத்தை முடிவு செய்யுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். இயல்பாக மூச்சை விட்டபின் அளவைப் பாருங்கள்.

ஆண்களுக்கு 90 செ.மீ.-க்குக் கீழும், பெண்களுக்கு 80 செ.மீ.-க்குக் கீழும் இருப்பது நல்லது. எளிதில் நினைவில் வைக்க ஒரு வழி: இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கட்டும்.

சோதனை 2: நாற்காலியில் ஐந்து முறை

கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். சக்கரம் வைத்த நாற்காலியோ மெத்தை சோபாவோ வேண்டாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். ஐந்து முறை முழுவதாக எழுந்து உட்காருங்கள். உங்களால் இயன்ற வேகத்தில் செய்யுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று உடன் இருப்பவர் பார்க்கட்டும்.

12 விநாடிக்குள் முடித்தால் நல்லது. 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனாலும், கையூன்றாமல் எழ முடியாவிட்டாலும் கால் தசை வலுவிழந்திருக்கலாம்.

சோதனை 3: ஆறு மீட்டர் நடை

வெற்றுத்தளத்திலோ தாழ்வாரத்திலோ 6 மீட்டரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தரைக்கல் 60 செ.மீ. அளவு என்றால் பத்துக் கல். கோட்டுக்குச் சற்று முன்பிருந்தே நடக்கத் தொடங்கி, முடிவுக் கோட்டைத் தாண்டி நில்லுங்கள். எப்போதும் நடக்கும் வேகத்திலேயே நடங்கள். கைத்தடி பயன்படுத்துபவர்கள் கைத்தடியோடு நடக்கலாம்.

6 மீட்டரை 6 விநாடி அல்லது அதற்குக் குறைவான நேரத்தில் கடந்தால் நல்லது. அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்து முடிவதற்குள் சாலையைக் கடக்க முடியவில்லை என்றால் அதுவும் இதே அறிகுறிதான்.

சோதனை 4: கெண்டைக்கால் சுற்றளவு

உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதியுங்கள். கெண்டைக்காலின் பருத்த பகுதியில் நாடாவைச் சுற்றுங்கள். ஆண்களுக்கு 34 செ.மீ.-க்கும், பெண்களுக்கு 33 செ.மீ.-க்கும் குறைவாக இருந்தால் தசை குறைந்திருக்கலாம். கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

நாற்காலி, நடை, கெண்டைக்கால் ஆகியவற்றின் எல்லைகள் 2019-இல் ஆசியத் தசை நலிவு ஆய்வுக் குழு வகுத்தவை. மருந்தகத்தில் கைப்பிடி வலிமையையும் அளக்கலாம். ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ ஆகியவற்றுக்குக் குறைவாக இருந்தால் வலிமை போதாது. ஊறுகாய் போத்தல் மூடியைத் திறக்க ஒவ்வொரு முறையும் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருந்தால் இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முடிவுகளைச் சேர்த்துப் பாருங்கள்

குறியீடு அளவோடு இருக்கிறது, இடுப்பு அளவோடு இருக்கிறது, நாற்காலிச் சோதனை நன்று: இப்போது செய்வதைத் தொடருங்கள்.

குறியீடு அளவோடு இருக்கிறது, ஆனால் இடுப்பு அதிகம்: ஒல்லி என்று அலட்சியம் வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்புப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.

குறியீடு அதிகம், ஆனால் கால் வலிமை நன்று: தசையைக் காப்பாற்றிக்கொண்டே இடுப்பைக் குறைக்கப் பாருங்கள். அவசரம் வேண்டாம். உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மேம்படக்கூடும். 70 கிலோ எடை உள்ளவருக்கு அது மூன்றரை கிலோதான்.

குறியீடு அதிகம், கால் வலிமையும் குறைவு: கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருக்கலாம். பட்டினி கிடந்தால் இருக்கும் தசையும் போய்விடும். மருத்துவர், உணவியல் வல்லுநர் ஆகியோரின் ஆலோசனையோடு தொடங்குங்கள்.

குறியீடு 18.5-க்குக் கீழ், அல்லது முயற்சி இல்லாமலே எடை குறைகிறது: இதைத் தள்ளிப்போடாதீர்கள். மூத்தோருக்கு அளவுக்கு மீறிய மெலிவும் ஆபத்தே.

வலிமை பெற என்ன செய்யலாம்?

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்வதை இலக்காகக் கொள்ளுங்கள். வேகநடையின்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான வேகம். ஒரே நேரத்தில் செய்ய முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

நடை மட்டும் போதாது. வாரத்தில் குறைந்தது 3 நாள் தசை வலிமைக்கும் உடல் சமநிலைக்கும் பயிற்சி தேவை. வீட்டிலேயே செய்யக்கூடியவை:

• நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல்: 8 முதல் 10 முறை. சற்று ஓய்வெடுத்து மறுபடியும் ஒரு சுற்று. தொடக்கத்தில் கையூன்றிக்கொள்ளலாம்.
• சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல்: 10 முறை. சாம்பார் கொதிக்கும்வரை காத்திருக்கும் நேரமே போதும்.
• சுவரில் கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கி நீட்டுதல்: 10 முறை.
• அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலை இரு கைகளிலும் பிடித்துத் தூக்கி இறக்குதல்: 10 முறை.
• சுவரோரமாக ஒரு காலின் குதிகாலை மற்றதன் விரலோடு ஒட்டிவைத்துக் கோட்டில் நடப்பதுபோல் பத்து அடி நடத்தல்.

துணைக்கு ஆள் இருந்தால் பயிற்சி தொடரும். உங்கள் வட்டாரத்தில் உள்ள துடிப்புடன் மூப்படையும் நிலையத்திலும் சமூக மன்றத்திலும் மூத்தோருக்கான பயிற்சி வகுப்புகள் உண்டா என்று விசாரியுங்கள். தைச்சி பயிற்சி விழும் அபாயத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. யோகாசனம் பழகியவர்கள் அதையும் தொடரலாம்.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். பயிற்சிக்குப் போகும்போது இரண்டு மிட்டாய் கையில் இருக்கட்டும்.

தசைக்கு உணவு

தசைக்குப் புரதம் தேவை. மூத்தோருக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அளவு மாறும். அவர்கள் மருத்துவர் சொல்வதைப் பின்பற்ற வேண்டும்.

எதில் எவ்வளவு?
• ஒரு முட்டை: சுமார் 6 கிராம்
• ஒரு கிண்ணம் (250 மி.லி.) பால்: சுமார் 8 கிராம்
• அரைக் கப் கெட்டியாக வெந்த பருப்பு: சுமார் 9 கிராம்
• உள்ளங்கை அளவு மீன் அல்லது கோழி: சுமார் 20 கிராம்

சாம்பாரில் தண்ணீர் அதிகம், பருப்பு குறைவு. அதனால் மேலாக ஊற்றாமல் அடியிலிருந்து பருப்போடு எடுத்து ஊற்றுங்கள். ரசம் சோற்றோடு இரவு உணவை முடிப்பவர்கள் ஒரு முட்டையோ, கொண்டைக்கடலைச் சுண்டலோ, தௌகுவாவோ சேர்த்துக்கொள்ளலாம். விரத நாள்களில் தயிர், பருப்பு, பயறு, டெம்பே ஆகியவை கைகொடுக்கும். பல் வலியால் இறைச்சியைத் தவிர்ப்பவர்கள் மிருதுவாக வேகவைத்த மீனையும் முட்டையையும் உண்ணலாம்.

தட்டில் கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி, கால் பங்கு புரத உணவு, மீதி பாதி காய்கறியும் பழமும் இருக்கட்டும். இடுப்பைக் குறைக்க வேண்டியவர்கள் முதலில் இனிப்புப் பானங்களைக் குறையுங்கள். கோப்பிக்கடையில் 'கோசோங்' என்று சொன்னால் சர்க்கரை போடமாட்டார்கள். தே தாரேயைத் தினமும் குடிக்காமல் எப்போதாவது குடிக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எனக்கு வயது 74, குறியீடு 24. எடையைக் குறைக்க வேண்டுமா?"
குறியீட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இடுப்பு அளவோடு இருந்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருந்து, நாற்காலிச் சோதனையும் நன்றாக இருந்தால் எடையைக் குறைப்பதைவிட வலிமையைக் காப்பதே முக்கியம். உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

"எடை இயந்திரமே கொழுப்பு விழுக்காட்டையும் காட்டுகிறதே, அதை நம்பலாமா?"
அது உடலில் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்திக் கணிக்கிறது. நீங்கள் குடித்த தண்ணீரைப் பொறுத்தும் எண் மாறும். ஒரு நாள் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், பல மாதங்களில் அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் அத்தகைய இயந்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

"மூட்டு வலிக்கிறது. எப்படிப் பயிற்சி செய்வது?"
உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குவதிலிருந்து தொடங்கலாம். நீச்சல்குளத்தில் நடப்பதும் மூட்டுக்கு எளிது. தொடைத் தசை வலுவடைந்தால் முழங்கால் வலி குறைவதும் உண்டு. உடலியக்கச் சிகிச்சையாளரைப் பார்க்க மருத்துவரிடம் பரிந்துரை கேளுங்கள்.

"எத்தனை நாளுக்கு ஒரு முறை அளக்க வேண்டும்?"
எடையை மாதம் ஒரு முறையும், மற்ற நான்கையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

• முயற்சி இல்லாமலே 6 முதல் 12 மாதங்களுக்குள் எடை 5 விழுக்காடு குறைந்தால். 60 கிலோ எடை உள்ளவருக்கு 3 கிலோ. மோதிரமோ வளையலோ தளர்வதும் ஓர் அறிகுறி.
• சில நாள்களில் எடை கூடி, கால் வீங்கி, மூச்சு வாங்கினால்.
• கடந்த ஓர் ஆண்டில் ஒரு முறையாவது விழுந்திருந்தால். காயம் படாவிட்டாலும் சொல்லுங்கள்.
• நாற்காலிச் சோதனை அல்லது நடைச் சோதனையில் எல்லையைத் தாண்டினால்.
• இடுப்புச் சுற்றளவு எல்லையைத் தாண்டியிருந்தும் அண்மையில் சர்க்கரைப் பரிசோதனை செய்யாமல் இருந்தால்.

பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தமோ, கடும் மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் உடனே நிறுத்துங்கள். ஓய்வெடுத்தும் தணியாவிட்டால் 995-ஐ அழையுங்கள்.

உங்கள் பதிவு

கீழே உள்ளவற்றை நிரப்பி, அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ செல்லும்போது கொண்டு செல்லுங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ நிரப்பித் தரச் சொல்லுங்கள்.

தேதி: ________
எடை: ________ கிலோ
உயரம்: ________ செ.மீ. (இளமையில்: ________ செ.மீ.)
உடல் எடைக் குறியீடு: ________
இடுப்புச் சுற்றளவு: ________ செ.மீ.
நாற்காலியில் ஐந்து முறை: ________ விநாடி
ஆறு மீட்டர் நடை: ________ விநாடி
கெண்டைக்கால் சுற்றளவு: ________ செ.மீ.
கடந்த ஓர் ஆண்டில் எத்தனை முறை விழுந்தீர்கள்: ________

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை:
1. என் இடுப்பு அளவுக்கும் வயதுக்கும் எந்தெந்தப் பரிசோதனைகள் தேவை?
2. நான் எடையைக் குறைக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா, இப்படியே வைத்துக்கொள்ளலாமா?
3. என் மருந்துகளோடு எந்தப் பயிற்சி பாதுகாப்பானது?

இக்கையேடு பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையை உங்கள் மருத்துவரிடம் பெறுங்கள்.